ட்ரிப் ஏ, ட்ரிப் பி

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு என்பதால் உடனே எழுத உட்கார முடியவில்லை. இப்போது தெருமுனையில் வருகிறவர் யாரென்று வாசலில் இருந்தே சொல்லிவிடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நீ புது வண்டி எடுத்ததில் ரொம்ப சந்தோஷம். மீட்டரில், பூஜ்யமாக்கியதிலிருந்து ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் எதற்கு ஏ, பி என்று இரண்டு என்று கேட்டிருந்தாய். நான் ஏ-வை டேங்குக்கும், பி-யை சர்வீஸுக்கும் வைத்திருக்கிறேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஏ-வை பூஜ்யமாக்குவேன். ஆயில் மாற்றிய அன்று மட்டும் பி-யை பூஜ்யமாக்குவேன். என் வண்டியில் பட்டனைச் சும்மா தட்டினால் ஏ, பி என்று மாறும்; கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பூஜ்யமாகும். உன் வண்டியிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், புத்தகத்தைப் பார்த்துக்கொள். ஒன்று சொல்ல வேண்டும்: பேட்டரியைக் கழற்றியபோது என் வண்டியில் இரண்டுமே அழிந்துவிட்டன. அதனால் டேங்கு நிரப்பும் ஒவ்வொரு முறையும், வண்டி ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டில் எழுதிவிடுகிறேன்.

நம் பழைய வண்டி ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் முள்கூடக் கிடையாது. டேங்கின் அடியில் கடைசியாக மிஞ்சும் ரிசர்வுக்கு வந்ததும் ஒரு லிட்டர் போட்டு, மறுபடி ரிசர்வ் வரும்வரை ஓட்டித்தான் மைலேஜ் பார்ப்போம். குற்றாலத்துக்குப் போன அன்று டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் குழாய் ஏற்கெனவே ரிசர்வில் இருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஆலங்குளம் தாண்டி வண்டி நின்றதும் பாவூர்சத்திரம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மழைச்சாரலில் நீ பாடிக்கொண்டே தள்ளினாய். இன்றைக்குச் சில யமஹா வண்டிகளில் பெட்ரோல் குறைந்ததுமே எஃப் ட்ரிப் என்று ஒன்று தானாக ஓட ஆரம்பித்து, அதன் பிறகு எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்று காட்டுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரோடுதான் நினைவுக்கு வரும்.

சரி, மைலேஜுக்கு வருகிறேன். மீட்டரே காட்டும் சராசரியை மட்டும் நம்பாதே. ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை பார். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி சென்டர் ஸ்டாண்டில். பம்பின் குழாய் தானாக முதல் தடவை நின்றதும் போதும் என்று சொல்லிவிடு. கழுத்து வரை ஊற்றச் சொல்லாதே. ட்ரிப் ஏ காட்டும் தூரத்தை, இப்போது உள்ளே போன லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஆனால் ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதே. 400 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் 50 வரும். நிரப்புவதில் அரை லிட்டர் முன்னே பின்னே ஆனால் அதே ஓட்டம் 47 என்றும் காட்டும், 53 என்றும் காட்டும். மூன்று டேங்கின் தூரத்தையும் லிட்டரையும் மொத்தமாகக் கூட்டி வகுத்தால்தான் உண்மை தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் நோட்டில் மாதக்கணக்காக 51, 52 என்றே வந்துகொண்டிருந்தது. போன மாதம் ஒரு டேங்க் 44 காட்டியது: 371 கிலோமீட்டர், 8.35 லிட்டர். சரி, ஒரு தடவைதானே என்று விட்டேன். அடுத்ததும் 44. டீக்கடையில் எல்லோரும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பது உண்மை. ஆனால் 20 சதவீதக் கலப்பால் இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்றுதான் 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. எனக்குக் குறைந்ததோ 15 சதவீதம். அதுவும் 52 கொடுத்ததும் இதே பங்கின் பெட்ரோல்தானே!

அப்போதுதான் ட்ரிப் பி-யைப் பார்த்தேன். 780 காட்டியது. அதாவது சர்வீஸ் விட்டு வந்த பிறகு ஓடிய இரண்டு டேங்கும்தான் இப்படி. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றுகூட ஓடாமல் நின்றது. பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. பிரேக் ராடு நட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன், சக்கரம் தாராளமாகச் சுற்றியது. அடுத்த டேங்க் 51. அந்த எண்களை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் பெட்ரோலைத் திட்டிக்கொண்டே பிரேக் லைனிங் தேய்கிற வரை ஓட்டியிருப்பேன்.

அதனால் முதல் டேங்கிலிருந்தே எழுதிவை. தேதி, ஓடோமீட்டர், ட்ரிப் ஏ, லிட்டர், இவ்வளவு போதும். டயர் காற்றை வண்டி சூடாகும் முன்பே பார்த்துவிடு. நாலுவழிச் சாலையில் 80-இல் போன டேங்குக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொள், அதை ஊருக்குள் ஓட்டிய டேங்கோடு ஒப்பிட முடியாது.

சாரல் தொடங்கியதும் வா. ஆலங்குளம் வழியாகவே குற்றாலம் போகலாம். கிளம்பும் முன் இரண்டு பேர் வண்டியிலும் டேங்கை நிரப்பி ஏ-வை பூஜ்யமாக்குவோம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்