தோட்டம் கைமாறும்போது தொலைந்துபோகும் சேவை ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டம் விலைபோவதும், புதிய முதலாளி வேலையைக் குத்தகையாளரிடம் ஒப்படைப்பதும் புதிய செய்தியல்ல. ஆனால் அந்த இடைவெளியில் ரப்பர் பால்மரத்திலும் எண்ணெய்ப்பனையான செம்பனையிலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர்களின் பணிநிறுத்த இழப்பீடு சத்தமில்லாமல் கரைந்துபோவதைப் பற்றி நம்மவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவானவை. குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து வேலை செய்த ஒருவர் ஆட்குறைப்புக்கு உள்ளானால், அவருடைய சேவை இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவு என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 15 நாள் சம்பளமும், ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் 20 நாள் சம்பளமும் கொடுக்கப்பட வேண்டும். பணம் ஏழு நாட்களுக்குள் கைக்கு வர வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்கும் பலருக்கு இது பொருந்தாது. தோட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்!

தோட்டம் விற்கப்படும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. புதிய உரிமையாளர் ஏழு நாட்களுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தர முன்வந்து, தொழிலாளி அதை ஏற்றுக்கொண்டால் சேவை அறுபடாமல் தொடரும். அவர் அப்படி முன்வராவிட்டால் தொழிலாளி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்பட்டு, இழப்பீட்டுக்குப் பழைய முதலாளியும் புதிய உரிமையாளரும் கூட்டாகப் பொறுப்பேற்றாக வேண்டும்.

நடப்பது வேறு. காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆட்களை ஆபீஸ் வராந்தாவில் வரிசையில் நிற்கவைத்து, மலாயில் தட்டச்சு செய்த அரைப்பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் இருப்பது, சொந்த விருப்பத்தில் வேலையை விடுவதாக ஒரு வாசகம். கூடவே சகுஹாத்தி (அன்பளிப்புத் தொகை) என்று சில நூறு ரிங்கிட்டும், மறுநாளே குத்தகையாளரிடம் அதே மரம், அதே நிரை (மரவரிசை) என்ற உறுதியும் கிடைப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. தாமாக வேலையை விட்டவருக்கு இழப்பீடு இல்லை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்திலும் இடமில்லை.

தோட்டக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நாளொன்றுக்குச் சராசரி 60 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவர், பழைய முதலாளியிடம் 22 ஆண்டுகளும் புதியவரிடம் 3 ஆண்டுகளும் வேலை செய்து நிறுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேவை தொடர்ந்திருந்தால் 25 ஆண்டுகளுக்கு 500 நாள் சம்பளம், அதாவது 30,000 ரிங்கிட். அந்த அரைப்பக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தால் 3 ஆண்டுகளுக்கு 45 நாள் சம்பளம், அதாவது 2,700 ரிங்கிட். இங்கே வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு என்ன என்று விளக்கத் தேவையில்லை.

வற்புறுத்தி வாங்கிய கையெழுத்தை எதிர்த்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வழி உண்டு. ஆனால் வேலை இன்னும் கையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர் எதற்காக முறையிடப் போகிறார்? உண்மை தெரியவரும்போது மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டிருக்கும். பழைய முதலாளியைத் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல.

ஆட்குறைப்பு செய்யும் முதலாளி 30 நாட்களுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு பிகே பாரம் என்ற ஆட்குறைப்பு அறிவிப்புப் படிவத்தை அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்கெனவே இருக்கிறது. மனிதவள அமைச்சு இதைத் தோட்ட விற்பனைக்கும் விரிவாக்கி, கையெழுத்து வாங்கும் நாளுக்கு முன்பே ஓர் அதிகாரியைத் தோட்டத்துக்கு அனுப்பி, ஒவ்வொருவரின் சேவை ஆண்டுகளையும் வரவேண்டிய தொகையையும் மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொடுக்கச் செய்ய வேண்டும். அதுவரை, தோட்டத்தில் இருப்பவர்கள் பழைய சம்பளச் சீட்டுகளையும் வேலைக்குச் சேர்ந்த கடிதத்தையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடும் முன் தொழிற்சங்கக் கிளையில் காட்டிக் கேட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.