ஏலத்துல எடுத்த பொருளை வாங்க எத்தனை தடவை அலையறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆன்லைன் ஏலத்துல பழைய ஜெனரேட்டர் ஒண்ணு எடுத்தேன், முழுப் பணமும் கட்டி பொருளை எடுத்துக்கலாம்னு தர்ற டெலிவரி ஆர்டரும் கைக்கு வந்தாச்சு, திண்டுக்கல்லுல இருந்து லாரி பிடிச்சு 2 லோடுமேனோட காலையில 10 மணிக்கு பொருள் வெச்சிருக்கற சென்னை யார்டு வாசல்ல போய் நின்னா ஸ்டோர் கீப்பர் லீவு, நாளைக்கு வாங்கங்குறாங்க. லாரி வெயிட்டிங் சார்ஜை யார் தர்றது? நாம ஒரு நாள் லேட்டானா மட்டும் பொருள் அங்க கிடக்கறதுக்கு கிரவுண்ட் ரென்ட்னு வாடகை போடுறாங்க. நமக்குப் பதிலா தம்பியை அனுப்பினா ஆதரைசேஷன் லெட்டர், ஆதார் ஒரிஜினல் கேக்குறாங்க, அது நியாயம்தான், ஆள் மாறி பொருள் போயிடக் கூடாதுல்ல, ஆனா அதை ஏல அறிவிப்புலயே போடலாமே. பொருள் எடுக்கற தேதி, நேரத்தை முன்பதிவு பண்ற வசதி, யார்டு பொறுப்பாளர் போன் நம்பர், அங்க கிரேன் இருக்காங்கற விவரம் எல்லாம் டெலிவரி ஆர்டர்லயே இருக்கணும்னு கேட்டுக்கறேன்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்