அலர்ஜி ஊசி போடும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். வீசிங் உள்ள ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன். 2023ல் அவளுக்கு 14 வயது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, ஒரு கிளினிக்கில் முன்னங்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் ‘டஸ்ட் மைட்’, அதாவது வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சி, என்று எழுதியிருந்த இடம் கொசு கடித்ததுபோலத் தடித்துக்கொண்டது. “இது டிஎன்ஏ லெவலில் வேலை செய்யும் ஊசி, ஒரே வருஷத்தில் ஆஸ்துமா அடியோடு போய்விடும்” என்று சொல்லி, மருந்துக் குப்பியை ஐஸ் பையில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுப் பக்கத்தில் நர்ஸ் யாராவது இருந்தால் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளலாமாம்.

மூன்றாவது வாரம். முந்தின ராத்திரியே அவளுக்கு இழுத்திருந்தது. எழுந்து உட்கார்ந்து இன்ஹேலரில் இரண்டு தடவை பஃப் எடுத்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. ஊசி போட்டுத் தெருமுனைக்கு வருவதற்குள் உள்ளங்கை அரித்தது, உதடு வீங்கியது, பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்ட சில நிமிஷத்தில் மூச்சு திரும்பியது.

அந்த வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1911ல் லண்டனில் லியோனர்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போட்டு ஆரம்பித்தது அது. ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிறோம். ஆனால் மூன்று முதல் ஐந்து வருஷம் பொறுமையாகப் போட வேண்டியது, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத நேரத்தில் தொடவே கூடாதது. இந்த ஊசியால் 26 பேர் இறந்திருந்ததைப் பார்த்துத்தான் 1986ல் பிரிட்டனில் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். எந்த நோய்க்காகப் போட்டது என்று பதிவாகியிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே ஆஸ்துமாக்காரர்கள்.

அப்புறம் அந்த டிஎன்ஏ. அப்படி ஒரு முயற்சி நிஜமாகவே நடந்தது. பாக்டீரியாவின் டிஎன்ஏ போன்ற ‘சிபிஜி’ துண்டு ஒன்றைச் செயற்கையாகச் செய்து, ராக்வீட் என்ற களையின் மகரந்தப் புரதத்தோடு கோத்து, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 25 பேரை வைத்துச் சோதித்தார்கள். கிருமி வந்துவிட்டது என்று உடம்பு எண்ணிக்கொண்டு, ஒவ்வாமைப் பாதையை விட்டு வேறு பாதைக்குத் திரும்பும் என்பது யோசனை. மொத்தம் ஆறே ஊசி, அடுத்த வருஷ சீசனிலும் பலன் தெரிந்தது. 2006ல் வந்த அந்த முடிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம் எங்கே, ஆறு ஊசி எங்கே! ஆனால் பின்னால் நடந்த பெரிய சோதனைகளில் அது தேறவில்லை, அதைத் தயாரித்த கம்பெனி கைவிட்டது. அதே சிபிஜி துண்டு பிறகு கோர்பிவேக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசிக்கு, அதன் வீரியத்தைக் கூட்டும் துணைப்பொருளாக வந்தது. 2022ல் என் மகள் பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொண்டது அதைத்தான்.

எங்கள் குப்பியில் இருந்தது வெறும் தூசிப்பூச்சிச் சாறு. அதை அப்படியே சொல்லியிருக்கலாமே! நூறு வருஷத்துக்கு மேல் பழக்கத்தில் இருக்கும் வைத்தியத்துக்கு இல்லாத பெயர் எதற்கு?

குப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அதில் என்ன இருக்கிறது, எந்த அளவு, எத்தனை வருஷம் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உங்கள் கண்ணெதிரே உட்கார வையுங்கள், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், “நேற்று ராத்திரி இழுத்ததா?” என்று கேளுங்கள்.

இப்போது வேறொரு டாக்டரிடம் போகிறோம். ஒவ்வொரு தடவையும் முதலில் மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ குழாயில் ஊதச் சொல்கிறார். போன மாதம் முள் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை. மறுபடி ஊதினாள், ஏறவில்லை. “இன்னைக்கு வேண்டாம்மா, இன்ஹேலரை ஒழுங்கா எடு, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று ஊசி போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்