தபால் நட்டமும் தோட்டத் தபாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வரவு செலவுத் திட்டம் வரும் காலமெல்லாம் இலங்கைத் தபால் திணைக்களத்தின் நட்டமும் பேச்சுக்கு வந்துவிடுகிறது. எதைக் கூட்டி எதைக் கழித்து அந்தத் தொகை வந்தது என்று கேட்பவர் குறைவு.

தபால் திணைக்களம் கூட்டுத்தாபனம் அல்ல. முத்திரை விற்ற காசு அரசின் பொதுக் கணக்கான திரட்டு நிதிக்குப் போகிறது. சம்பளமும் எரிபொருளும் கட்டட வாடகையும் வரவு செலவுத் திட்டத்தில் தபாலுக்குரிய செலவினத் தலைப்பு 308இன் கீழ்ப் பாராளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் நடக்கின்றன. ஆகவே வருமானம் கூடிய ஆண்டிலும் தபால் மா அதிபர் அந்தக் காசை எடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க முடியாது. ஓய்வுபெற்ற தபால் ஊழியரின் ஓய்வூதியமோ தலைப்பு 253இல், ஓய்வூதியத் திணைக்களத்தின் கணக்கில் கிடக்கிறது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. ஓய்வுபெறுவோரின் மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே பணம் கட்டி வைக்க வேண்டும் என்று 2006இல் சட்டம் போட்டார்கள்; அந்தச் சுமை ஏறியதும் அங்குள்ள தபால் சேவையின் நட்டம் வீங்கிப்போனது. 2022இல் இன்னொரு சட்டத்தால் அதை இறக்கி வைத்தார்கள். நட்டத்தின் அளவைத் தபால்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை, சட்டம் போடுகிறவர்களும் தீர்மானிக்கிறார்கள்.

நமது நாட்டில் 1980இல் தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாகப் பிரிந்தது. சம்பாதிக்கிற பிள்ளை தனிக்குடித்தனம் போன கதைதான். மிஞ்சிய தபாலும் எந்த அமைச்சின் வாலில் தொங்குவது என்று தெரியாமல் அலைகிறது: ஒரு காலம் முஸ்லிம் சமய அலுவல்களோடு, பிறகு வெகுசன ஊடகத்தோடு, 2024 முதல் சுகாதாரமும் ஊடகமும் சேர்ந்த அமைச்சோடு. கட்டணத்தை உயர்த்தினால் கெட்ட பெயர் வரும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, 2022 ஆகஸ்டில் 15 ரூபாய் முத்திரையை ஒரே தாவலில் 50 ரூபாயாக்கினார்கள். படிப்படியாக ஏற்றியிருந்தால் ஜனம் பழகியிருக்கும். 

அந்த 50 ரூபாய் எதற்கு என்பதுதான் மலையகத்தார் கேட்க வேண்டிய கேள்வி. நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்றால், கொழும்பில் ஒரு தெருவில் நூறு வீட்டுக்குக் கொடுப்பதில் மிஞ்சுவதை வைத்து மலையில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அர்த்தம். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் அப்படி நடப்பதில்லை. நகரத் தபாலகத்தில் தோட்டவாரியாகப் பிரித்துப் பையில் கட்டிவிடுகிறார்கள். தோட்டத்தின் தப்பால்காரர் வந்து பையைத் தூக்கிப்போகிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். ஆபீசில் கிளாக்கர் டிவிசன்வாரியாக, அதாவது தோட்டத்தின் பிரிவுவாரியாகப் பிரிக்கிறார். அடுத்த நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கங்காணி கையில் கொடுத்துவிடுகிறார்கள். கங்காணி பெயரைக் கூப்பிடும்போது ஆள் இருந்தால் கடிதம் சேரும். கொழும்பில் வேலை செய்கிறவர், பிரசவ விடுமுறையில் இருப்பவர், தோட்டத்தில் பேர் பதியாமல் வெளியே கூலிக்குப் போகிறவர் ஆகியோரின் கடிதம் மேசை இழுப்பறைக்குத் திரும்பும். ஒரே டிவிசனில் மூன்று ராமையா இருந்தால் மூன்று கை மாறும்.

சாதாரணக் கடிதம் என்றால் மனவருத்தத்தோடு போகும். பதிவுத் தபாலில்தான் வினை. ஆபீசில் ஒருவர் கையெழுத்து வைத்ததும் தபால் பதிவேட்டில் ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்று முடிந்துவிடும். சிவில் வழக்கின் அழைப்பாணை வழக்கமாகப் பதிவுத் தபாலில் வருவது. அது இழுப்பறையில் கிடக்க, பிரதிவாதி வராத வழக்காகக் கணித்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு விழும். அதை நீக்கக் கேட்பதற்குத் தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாள்தான் உண்டு. அந்தத் தீர்ப்பாணையும் அழைப்பாணை வந்த வழியாகவே வருகிறது! நேர்முகப் பரீட்சைக் கடிதத்துக்கும் அடகு நகை ஏல அறிவித்தலுக்கும் இதே கதிதான்.

இதில் திணைக்களத்துக்கு மிச்சமாகும் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வீட்டு வாசல் வரை கொடுப்பதற்கான முத்திரைக் காசை முழுதாக வாங்கிக்கொண்டு, கடைசி மூன்று நான்கு மைலைத் தோட்டத்தின் தலையிலும் தொழிலாளியின் தலையிலும் கட்டிவிட்டு, அதற்குப் பிறகும் மலையகத் தபாலகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2023இல் நுவரெலியாவின் 1894ஆம் ஆண்டுச் செங்கல் தபாலகத்தை ஹோட்டலாக்கும் யோசனை எழுந்து, நவம்பரில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கட்டடம் தபாலகமாகவே இருப்பது நல்லதே. ஆனால் குத்தகைக்கு விட்டிருந்தாலும் அந்தக் காசும் திரட்டு நிதிக்குத்தானே போயிருக்கும்? 2025 ஆகஸ்டில் கைரேகை இயந்திரம், மேலதிக நேரக் கொடுப்பனவு என்று இன்னொரு வேலைநிறுத்தம். ஊழியர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைக் கைரேகை காட்டும். கடிதம் யார் கைக்குப் போனது என்பதைக் காட்ட ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தோட்டங்களில் பிரதேச சபை பணம் செலவழிக்க இருந்த சட்டத் தடை பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்தோடு நீங்கிவிட்டது. ஆகவே தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைகளுக்கும் அவற்றில் குடும்பத்துக்கு ஒன்றான காம்பராக்களுக்கும் இலக்கத் தகடு அடிக்கலாம். முகவரியை ‘காம்பரா இலக்கம், லயன் இலக்கம், டிவிசன், தோட்டம், ஹட்டன் 22000’ என்ற ஒழுங்கில் எழுதப் பாடசாலையிலேயே பழக்கலாம். ஒவ்வொரு லயன் முகப்பிலும் பூட்டுள்ள பெட்டி ஒன்று வேண்டும், காம்பராவுக்கு ஒரு அறையாக. தகரம் வேண்டாம், நமது மழைக்கும் பனிக்கும் துருவேறிக் கதவு திறக்காது. பதிவுத் தபாலை மட்டும், உரியவரின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதாமல் கொடுத்ததாகப் பதியக்கூடாது. ஆள் இல்லையென்றால் அறிவித்தல் துண்டை காம்பராவில் போட்டுவிட்டுக் கடிதத்தை உப தபாலகத்தில் வைத்திருக்கட்டும்.

திணைக்களங்களின் கணக்கை விசாரிப்பது பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா குழு. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்ட உறுப்பினர்கள் அங்கேயும் தலைப்பு 308இன் குழுநிலை விவாதத்திலும் இந்த ஒன்றைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கட்டும்: கடந்த ஆண்டு தோட்டங்களுக்கு வந்த பதிவுத் தபால்களில் உரியவரே கையெழுத்திட்டுப் பெற்றவை எத்தனை, ஆபீசில் வேறொருவர் கையெழுத்திட்டவை எத்தனை?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.