கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆயக்கட்டுதாரர்களுக்கும், மகளிர் குழுவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

2024 வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்கப் பார்த்தால் இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெய்தது. நம் கண்மாயும் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் போனது. மழைக்கு முன்பே, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாரி வைத்ததால்தான் அது நடந்தது. அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். அவர்களில் பலருக்குக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. சங்கத்தின் குறிப்பேட்டில் இது பதிவாக வேண்டும் என்று நினைத்தே முதலில் சொல்கிறேன்.

அடுத்து வண்டல். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்று வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. நல்ல உத்தரவு. ஆனால் மண் இலவசம் என்றாலும் டிராக்டர் வாடகை இலவசம் இல்லையே. வண்டி வைத்திருப்பவர் வயலுக்கே மண் போய்ச் சேரும் நிலை இருந்தது. அதனால் சிறு விவசாயிகளைச் சேர்த்து ஒரே வாடகைக்கு வண்டி அமர்த்தி, முதல் நடைகளை அவர்களுக்கு ஒதுக்கினோம். கரைக்கும் மடைக்கும் பக்கத்தில் யாரையும் தோண்ட விடவில்லை. வண்டல் போட்ட வயலில் ஈரம் கூடுதல் நாள் நிற்கிறது, உரச் செலவும் குறைகிறது என்று போட்டவர்களே சொல்கிறார்கள். கண்மாயின் கொள்ளளவும் கூடுகிறது. சீமைக் கருவேலம் அகற்றும் வேலை பாதியில் நிற்கிறது. வேரோடு எடுக்காமல் வெட்டிவிட்டுப் போனால் திரும்பத் துளிர்க்கும் என்பதால் அவசரப்படவில்லை. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசிக் குத்தகைக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி இந்த ஆண்டு நிர்வாகக் குழு அதிகம் பேசிய விஷயம். கண்மாய்த் தண்ணீருக்கு நம்மிடம் முறை இருக்கிறது. எந்த மடை எப்போது திறக்க வேண்டும், கடைசியில் தண்ணீர் சேரும் கடைமடை வயல்களுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி முடிவு செய்தால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதும் முறை முடிந்துவிடுகிறது. யாருடைய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஆழமோ அவருக்கே தண்ணீர். மாசி, பங்குனியில் கடைமடைக்காரர் கிணறு வறண்டு கிடக்கும்போது, பெரிய மோட்டார் ஓடும் வயலில் கோடை நெல் நிற்கிறது. பொதுக் கண்மாய் ஊற வைத்த நீரைத் தனிச் சொத்தாகக் கருதுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவில் ஓர் ஆண்டுக்கு எடுக்கப்படும் நிலத்தடி நீர் ஏறத்தாழ 24,000 கோடி கன மீட்டர். அதில் 87 சதவீதம் பாசனத்துக்கே போகிறது. ஆகவே நிலத்தடி நீரைக் காப்பது முதலில் நம்மைப் போன்ற பாசன சங்கங்களின் வேலை.

விவசாய மோட்டாருக்கான இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று சிலர் கோபமாகக் கேட்டார்கள். இல்லை. 1970-இல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. அப்படிக் கிடைத்த உரிமையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. மோட்டார் ஓடும் நேரத்துக்கு நாமே ஒரு வரம்பு போட்டுக்கொள்வோம் என்பதுதான் கோரிக்கை.

சூரிய மின்சக்தி பம்புசெட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த ஒன்றிய அரசின் பிஎம்-குசும் திட்டத்தில் இதற்கு மானியம் உண்டு. நம் உறுப்பினர்கள் சிலரும் விண்ணப்பித்திருக்கிறார்கள். டீசல் செலவு போகும், புகை இருக்காது. ஆனால் வெயில் இருக்கும்வரை சும்மா ஓடும் மோட்டார், தண்ணீரை இன்னும் வேகமாகக் காலி செய்யும். இதற்கு குஜராத்தில் ஒரு வழி கண்டார்கள். கேடா மாவட்டத்தின் துண்டி கிராமத்தில் சில விவசாயிகள் 2016 வாக்கில் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றார்கள். தேவையில்லாமல் இறைத்தால் வருமானம் போகும் என்றபோது மோட்டாரை நிறுத்த ஆள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நம் பக்கமும் மின்கட்டமைப்போடு இணைந்த பம்புசெட்டே வேண்டும் என்று மின் வாரியத்துக்கு எழுத நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் ஊரைப் பற்றியும் குழுவில் விரிவாகப் பேசினோம். நமக்குப் பெய்வதில் பாதி மழைதான் அங்கே. போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை, கரும்பும் வாழையும் வைப்பதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்தது. ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்துத்தான் என்ன பயிர் என்று தீர்மானிக்கிறார்கள். வேலை தேடி வெளியூர் போனவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். தண்ணீரைக் கட்டுப்படுத்தினால் வருமானம் குறையும் என்று நாம் பயப்படுகிறோம். அங்கே பால் வருமானமும் காய்கறி வருமானமும் கூடித்தான் போயிருக்கிறது.

அதனால் நிர்வாகக் குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம் இது. ஆயக்கட்டுக்குள் இனிப் புதிய போர் வேண்டாம். தை அறுவடைக்குப் பின் கண்மாயில் மிஞ்சும் நீரை மடை வழியே திறக்காமல், கிணறுகள் ஊறவும் ஆடு மாடு குடிக்கவும் நிறுத்தி வைப்போம். கோடையில் நெல்லுக்குப் பதில் உளுந்து, எள், கேழ்வரகு. நெல்லை விடுபவருக்கு முதல் ஆண்டு விதையைச் சங்கம் கொடுக்கும். அப்புறம், நிலமில்லாதவர்களுக்கும் இந்தச் சங்கத்தில் ஓட்டுரிமையுள்ள இரண்டு இடங்கள் வேண்டும். வரத்துக்காலைத் தூர்வாரியவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச இடமில்லை என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கிப் பேசலாம், ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் ஏறும். வரவு செலவு வாசித்து முடித்ததும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படும். பொருளாளரை அழைக்கிறேன்.