பல்லின் வேரைப் பார்த்தவர் பெயரில் ஒரு விருது

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து முன்பல்லின் வேர் நுனியைக் காட்டினார். பல்லை நகர்த்தும்போது சிலருக்கு அந்த நுனி கரைந்து வேர் குட்டையாகிவிடுமாம்.

இதை 1920களிலேயே எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஆல்பர்ட் கெட்சம். 1929இல் அங்கே பல் சீரமைப்பு நிபுணர்களுக்குத் தகுதிச் சான்று தரும் வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அந்த வாரியம் அவர் நினைவாகத் தரும் விருது இத்துறையின் பெரிய கௌரவங்களில் ஒன்று. தன் துறையின் சிகிச்சையே கெடுதலும் செய்யலாம் என்று துணிந்து சொன்னவரின் பெயரை விருதுக்கு வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் மருத்துவர்கள் விருது வாங்கினால் பொன்னாடைப் படத்தோடு செய்தியை முடித்துவிடாதீர்கள், ஐயா. அவர் என்ன கண்டறிந்தார், வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன நன்மை என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்