மனைவி நினைத்தால்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் குடும்ப ஆலோசனைப் பக்கத்தில், கணவரின் குடியைப் பற்றிக் கேட்டிருந்த ஒரு சகோதரிக்கு, 'மனைவி நினைத்தால் எந்தக் குடிகாரரையும் திருத்திவிடலாம், வீட்டில் சிரித்த முகத்துடன் இருங்கள்' என்று பதில் சொல்லியிருந்தீர்கள். சிரித்த முகத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷம் நானும் நினைத்தேன். கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினேன். ஆடி முடிவதற்குள் அறுத்துவிட்டார். சபரிமலைக்கு மாலை போட்டார். அந்த ஒரு மண்டலம் வீடு வீடாக இருந்தது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அவரைத் தெருமுனையிலிருந்து தூக்கி வந்தார்கள். அப்புறம் உங்கள் பத்திரிகையில் வந்த விளம்பரம். 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்ற அதே பொடிதான், சென்ற வாரமும் ஆலோசனைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்ததே! தோட்டை அடகு வைத்து வி.பி.பி.யில் வாங்கிச் சாம்பாரில் கலந்தேன். அன்று ராத்திரி குடித்துவிட்டு வந்தவர் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கிறது என்று உருண்டார். டாக்டர் என்னைத்தான் திட்டினார். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்துடன்தான் கொடுப்பார்களாம். தெரியாமல் கொடுத்து அவரும் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். அந்தப் பொடியில் என்ன இருந்ததோ, விற்றவனுக்குத்தான் வெளிச்சம்.

அதற்கும் பிறகு, 'மறுவாழ்வு மையம்' என்று பலகை மாட்டிய ஓர் இடம். ராத்திரி வேனில் நான்கு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். முன்பணம் முப்பதாயிரம். உள்ளே டாக்டர் கிடையாது. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறியிருக்கிறார். 'வந்து அழைத்துப் போங்கள்' என்று போன் வந்தது. பணம் வரவில்லை. 2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் தெரியாது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியா' என்று என் மாமியார் அழுதார். வருஷக்கணக்கில் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்று மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். பத்துப் பைசா வாங்கவில்லை. என் முகம் சிரித்தபடி இருக்கிறதா என்று அந்த டாக்டர் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. கட்டணம் கிடையாது, ஒரு டீ உண்டு. குடித்து நிறுத்தியவர்களே பேசுகிறார்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. நான் வாய்விட்டு அழுதது அங்கேதான். இவர் குடிக்காமல் நாலு வருஷம் ஆகிறது. ஆனால் இவரைக் கேட்டால் நாலு வருஷம் என்று சொல்ல மாட்டார், 'இன்றைக்குக் குடிக்கவில்லை' என்றுதான் சொல்வார்.

இதெல்லாம் பஸ் ஏறிப் போகிற தூரத்திலேயே இருந்திருக்கிறது. பத்தொன்பது வருஷம் எந்தப் பத்திரிகையும் எனக்குச் சொல்லவில்லை. தீபாவளி வந்தால் மட்டும் டாஸ்மாக் விற்பனையை மண்டலவாரியாக, எது முதலிடம் என்று பிளஸ் டூ ரிசல்ட் மாதிரிப் போடுகிறீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது பக்கம் பக்கமாக ஒப்பாரி. அடுத்த மாதம்? கடை பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ராசிபலனுக்குக் கீழே நான்கு விரல் அகலத்தில் ஒரு பெட்டிச் செய்தி, வாராவாரம். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446, அந்தந்த மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்கும் நாள், கூட்டம் நடக்கும் இடம், நேரம், அவ்வளவுதான். பொடி விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உங்களுக்கும் செலவு இருக்கும். ஆலோசனைப் பக்கத்திலிருந்தாவது கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்.